ஷட்டகரின் காது

போனவரைப் பற்றித் தப்பாகப் பேசக்கூடாது என்பார்கள். நான் தப்பாகப் பேசப்போவதில்லை. நடந்ததைச் சொல்லப்போகிறேன். இரண்டும் ஒன்றாகவே அமைந்துவிட்டால் அதற்கு நான் பொறுப்பில்லை.

அவர் என் ஷட்டகர். என் மனைவி லலிதாவின் அக்கா ஜெயாவைக் கட்டியவர். ஊரெல்லாம் சகலை என்று சொல்லும், எங்கள் வீடுகளில் ஷட்டகர். அவர்கள் செம்பூரில், நாங்கள் மாட்டுங்காவில். மாதத்துக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமையாவது அங்கே சாப்பாடு. ஜெயா அக்காவின் மோர்க்குழம்புக்காகப் போனோம். பியானோ கான்செர்ட்டோ கேட்டுவிட்டு வந்தோம்.

இத்தனைக்கும் ஐம்பது வயதுவரை அவருக்கும் சங்கீதத்துக்கும் பெரிய உறவு ஒன்றும் கிடையாது. காலையில் ஷேவ் செய்யும்போது பழைய ஹிந்திப் பாட்டு. மார்கழியில் மாட்டுங்கா சபா. அங்கேயும் மிருதங்கக்காரர் தனி ஆவர்த்தனத்துக்கு வாத்தியத்தைத் தட்டிச் சரி பார்க்கும்போதே கேன்டீனுக்கு எழுந்து போகிற கூட்டத்தில் முதல் ஆள் அவர்தான். கீரை வடையின் பதத்தைப் பற்றி அவர் சொன்ன விமரிசனங்கள் சில இன்னும் எனக்கு நினைவிருக்கின்றன.

இன்ஷூரன்ஸ் ஆபீஸில் அவருக்கு மேலதிகாரியாக ஒரு பார்ஸிக்காரர் இருந்தார். ஒருநாள் அந்த மனுஷருக்கு இடுப்பு பிடித்துக்கொண்டது. மாலையில் தென் பம்பாயில் கடலோர அரங்கம் ஒன்றில் மேற்கத்திய சங்கீதம். வெளிநாட்டிலிருந்து வந்த பியானோக்காரர். இரண்டு பாஸும் வீணாகப் போகவேண்டாமே என்று ஷட்டகரிடம் கொடுத்தார். ஷட்டகரும் ஜெயா அக்காவும் போனார்கள். குளிர்சாதனம் நன்றாக இருந்தது என்று மட்டும் ஜெயா அக்கா போனில் சொன்னாள்.

அடுத்த ஞாயிறு நாங்கள் போனபோது கூடத்தில் இரண்டு புது ஸ்பீக்கர்கள் நின்றன. டெலிவிஷன் அடுத்த அறைக்குப் போயிருந்தது. ஷட்டகர் கண்ணை மூடிக்கொண்டு சோபாவில் உட்கார்ந்திருந்தார்.

"உக்காரு வாசு. பேசாதே. இப்ப பியானோ வரும்."

வந்தது. ஒரு ரஷ்யர் எழுதியதாம். வாத்தியக் கோஷ்டி மொத்தமும் சேர்ந்து ஒரு பெரிய கதவைத் திறக்கிற மாதிரி ஆரம்பித்து, அதன் நடுவே பியானோக்காரர் மேலிருந்து கீழ்வரை கட்டைகளை அடித்து நொறுக்கினார். எனக்குப் பிடித்திருந்தது. இதைச் சொல்ல வெட்கமில்லை. லலிதாவுக்கும் பிடித்திருந்தது. எல்லாரையும்விட ஜெயா அக்காவுக்குப் பிடித்திருந்தது. சமையலறையிலிருந்து கரண்டியோடு வந்து நின்று கேட்டாள்.

"குக்கரை அணை," என்றார் ஷட்டகர்.

"இன்னும் ரெண்டு விசில் பாக்கி."

"இப்போ ஸ்லோ மூவ்மென்ட் வரப்போறது. அதுல விசில் அடிச்சா என்ன அர்த்தம்?"

இந்த மாதிரி சங்கீதம் மூன்று பகுதியாக இருக்கும் என்றும், நடுப்பகுதி மெதுவாகப் போகும் என்றும், அது போகும்போது செம்பூரில் சாம்பார் கொதிக்கக்கூடாது என்றும் அன்றைக்குத் தெரிந்துகொண்டேன். பருப்பு வேகாமல் மூன்று மணிக்குச் சாப்பிட்டோம்.

அந்த ரஷ்யரை எட்டு மாதம் கேட்டோம். எனக்கே முதல் பகுதி மனப்பாடம் ஆகியிருந்தது. ஒரு ஞாயிறு, நல்ல பிள்ளையாக நானே, "அண்ணா, அந்த ரஷ்யாக்காரரைப் போடுங்கோளேன்," என்றேன்.

ஷட்டகர் என்னைப் பார்த்த பார்வை, சபா வாசலில் சினிமாப் பாட்டுப் புத்தகம் விற்கிறவனைப் பாகவதர் பார்க்கிற பார்வை.

"ரஷ்யனா? அது பாயசம், வாசு. சக்கரைப் பாயசம். ஆரம்பத்துல எல்லாரும் குடிக்கறதுதான்."

அதன்பின் ஒரு போலந்துக்காரர் வந்தார். அவர் ஒரு மழைக்காலம் இருந்தார். தீபாவளிக்குள் 'காதல் கடுதாசி' ஆகிவிட்டார். நார்வேக்காரர் ஒருவர் வந்தார். ட்ராவல் ஏஜன்ட் கடை வாசல் காலண்டர் என்று வெளியேற்றப்பட்டார். பிறகு வியன்னா. அங்கேதான் சுத்தமான தங்கம் என்றார். அந்த வியன்னாக்காரர் பாவம் இருபதுக்குமேல் எழுதி வைத்திருந்தார். வருஷக் கடைசியில் அதில் இரண்டுதான் தேறியது.

"மைனர் ஸ்கேல்ல இருக்கற ரெண்டு மட்டும்தான் ஆழம். மத்ததெல்லாம் கல்யாணத்துல பன்னீர் தெளிக்கற மாதிரி."

வீட்டுக்கு வரும் வழியில் ரயிலில் லலிதா சொன்னாள்: "இந்த வயசுல அத்திம்பேருக்கு மைனர் சகவாசம் வேற."

ரசனை வளர்வது என்றால் வீட்டின்மேல் மாடி கட்டுவது போல என்று நான் நினைத்திருந்தேன். ஷட்டகர் பம்பாய் பில்டர். இருக்கிற கட்டடத்தை இடித்துத் தரைமட்டம் ஆக்கிவிட்டுத்தான் அடுத்ததற்கு அஸ்திவாரம் போடுவார். அதில் குடியிருந்த நாங்கள் ஒவ்வொரு முறையும் தெருவில் நின்றோம்.

ஜெயா அக்கா மட்டும் காலி செய்யவில்லை. பாயசம் என்று தள்ளப்பட்ட ரஷ்யரை அவள் தன் போனில் மணியாக வைத்துக்கொண்டாள். காய்கறிக்காரனிடம் வெண்டைக்காயை ஒடித்துப் பார்த்துக்கொண்டிருக்கும்போது அந்தப் பெரிய கதவு திறக்கும். காய்கறிக்காரன், "பாபி, ஆப்கா பேண்ட் பாஜா!" என்று போனைக் காட்டுவான். ஷட்டகருக்கு அது தாங்கவில்லை. அவள் குளிக்கும்போது போனை எடுத்துச் சாதாரண ட்ரிங் ட்ரிங்காக மாற்றினார். மாலையில் மறுபடி கதவு திறந்தது. மறுபடி மாற்றினார். அவள் சண்டை போடவில்லை, திரும்ப வைத்துக்கொண்டாள். அந்த வீட்டில் எல்லாம் அப்படித்தான். அவர் சொல்வார், அவள் செய்வாள். இருவருக்கும் வேறு வேறு விஷயம்.

பிறகு சங்கீதம் போதாமல் வாசித்தவர் யார் என்பதில் இறங்கினார். உயிரோடு இருக்கிற யாரும் சரியில்லை. உலக யுத்தத்துக்கு முன்னால் பதிவான ஒன்றை எங்கிருந்தோ பிடித்துக்கொண்டு வந்து போட்டார். பியானோ எங்கோ கிணற்றுக்குள் கேட்டது. மேலே ஒரே சலசலப்பு.

"அண்ணா, வடை பொரியற மாதிரி இருக்கே."

"அது வடை இல்லை வாசு. அது சரித்திரம்."

ஒருமுறை என்னைக் கச்சேரிக்கே அழைத்துப் போனார். அதே கடலோர அரங்கம். முதல் பகுதி வாணவேடிக்கை மாதிரி முடிந்தது. என் கைகள் தாமாகவே எழும்பின. ஷட்டகர் என் மணிக்கட்டைப் பிடித்துத் தொடையோடு அழுத்தினார்.

"மூணு பார்ட்டும் முடியணும். நடுவுல தட்டப்படாது. இது சபா இல்லை."

அழுத்தின கையை எடுக்கவில்லை. அந்த நிலையிலேயே அவர் தலையைத் திருப்பிக் கூட்டத்தைப் பார்த்தார். மேடையைப் பார்த்ததைவிட அவர் கூட்டத்தைப் பார்த்ததுதான் அதிகம். பின்வரிசையில் யாரோ ஒருவர், பாவம், இரண்டு தட்டுத் தட்டிவிட்டு நிறுத்தினார். ஷட்டகர் முகத்தில் ஒரு நிம்மதி பரவியது. அன்றைக்குப் பியானோக்காரர் தராத சுகத்தை அந்த இரண்டு தட்டு தந்துவிட்டது. ஏன் இவருக்கு இப்படி என்று அப்போது எனக்குப் புரியவில்லை. ஆனால் மணிக்கட்டு மறுநாள்வரை வலித்தது.

அவருடைய ஒரே பெண் மாலினி, கூட வேலை பார்த்த கார்த்திக்கைக் கட்டிக்கொள்வதாகச் சொன்னாள். பையனின் அப்பா திருநெல்வேலிப் பக்கம். தாராவியில் அட்டைப்பெட்டி செய்யும் பட்டறை. பட்டறைக்கு மேலேயே குடியிருந்து, பிள்ளையைப் படிக்கவைத்து, இப்போது சான்பாடாவில் மூன்று அறை ஃபிளாட். வாய்கொள்ளாமல் சிரிக்கிற மனுஷர். ஷட்டகர் ஜாதி பார்க்கவில்லை. அந்த விஷயத்தில் அவரைக் குறை சொல்லமாட்டேன். ஆனால் பெண் பார்க்க அவர்கள் வந்துபோன பின்னால் என்னிடம் சொன்னார்:

"நல்ல மனுஷாதான். காதுதான் இல்லை. அவர் போன்ல என்ன பாட்டு வருது பாத்தியா?"

கல்யாணம் கோவிலில் எளிமையாக. ரிசப்ஷன் மாட்டுங்காவில் ஒரு ஹாலில். அந்த ரிசப்ஷனை மட்டும் என்னிடம் விடுங்கள் என்று ஷட்டகர் கேட்டு வாங்கிக்கொண்டார். லைட் மியூசிக் கிடையாது, நாதஸ்வரம் கிடையாது. பாந்த்ராவிலிருந்து ஒரு பியானோக்காரர், அவரோடு வயலின் வாசிக்கிறவர்கள் நாலு பேர். வியன்னாக்காரரின் தேறிய இரண்டில் ஒன்று.

"அப்பா, ரிசப்ஷன்ல யாரு கேப்பா?" என்றாள் மாலினி.

"கேக்க வைக்கணும்," என்றார்.

அன்று மாலை பரிசுக் கவர்களோடு வரிசை வாசல்வரை நின்றது. வீடியோக்காரர் வெளிச்சத்தைத் தூக்கிக்கொண்டு அலைந்தார். குழந்தைகள் நாற்காலிகளுக்கு நடுவே ஓடின. தாராவியிலிருந்து பஸ் வைத்து வந்த சொந்தக்காரர்கள் பட்டும் மல்லிகையுமாக முன்வரிசைகளை நிறைத்திருந்தார்கள். இந்த இரைச்சலுக்கு நடுவே பாந்த்ராக்காரர் வாசித்துக்கொண்டிருந்தார். ஷட்டகர் ஹால் முழுக்கச் சுற்றி, உதட்டில் விரலை வைத்து வைத்துச் சைகை காட்டிக்கொண்டிருந்தார். பெண்ணின் அப்பாவுக்கு ஏதாவது பல்வலியா என்று ஒரு பாட்டி என்னிடமே கேட்டாள்.

முதல் பகுதி முடிந்தது. சம்பந்தி எழுந்து நின்று தட்டினார். பட்டறையில் வேலை பார்த்த கை. ஓசை ஹாலை நிறைத்தது. அவர் தட்டுவதைப் பார்த்து அவர் வீட்டார் தட்டினார்கள். எங்கள் வீட்டாரும் தட்டினார்கள். பாந்த்ராக்காரர் தலை குனிந்து சிரித்தார்.

ஷட்டகர் மேடையேறி மைக்கை எடுத்தார்.

"தயவுசெஞ்சு தட்டாதீங்கோ. இன்னும் முடியல்லை. இது கூத்து இல்லை. தெரியாதவா, தெரிஞ்சவா எப்பத் தட்டறான்னு பாத்துத் தட்டணும்."

ஹால் அடங்கியது. அவர் ஆசைப்பட்ட நிசப்தம் அப்போதுதான் கிடைத்தது. சம்பந்தி கைகளை இறக்கினார். சட்டைப் பையிலிருந்து கைக்குட்டையை எடுத்து இரண்டு உள்ளங்கைகளையும் துடைத்தார், எதையோ தொடக்கூடாததைத் தொட்டுவிட்டவர் மாதிரி. அவர் மனைவி எழுந்து நின்றுவிட்டாள். மணமேடையில் மாலினியின் முகத்தை நான் பார்க்கவில்லை, பார்க்கத் துணியவில்லை.

ஜெயா அக்கா பரிசு வாங்கிக்கொண்டிருந்தவள், கையிலிருந்த கவர்களை லலிதாவிடம் கொடுத்துவிட்டு, மேடை ஓரத்துக்கு வந்தாள். ஷட்டகரைப் பார்க்கவில்லை. கீழே நின்ற சம்பந்தியைப் பார்த்துச் சொன்னாள்:

"நீங்க தட்டுங்கோ, சம்பந்தி. இவரும் மொத மொத கேட்டப்போ இதே இடத்துலதான் தட்டினார். அத்தனை பெரிய ஹால்ல இவர் ஒத்தர்தான் தட்டினார். முன்னால உக்காந்திருந்த பார்ஸிக் கிழவி திரும்பிப் பாத்தா. அன்னிலேர்ந்து எங்காத்துல யாருக்கும் நிம்மதி இல்லை."

அவள் சாதாரணமாகத்தான் பேசினாள். ஆனால் மைக் ஷட்டகர் கையில் இருந்தது. அதை அணைக்கவேண்டும் என்று அவருக்குத் தோன்றவில்லை. சாப்பாட்டுக் கூடத்தில் பரிமாறிக்கொண்டிருந்தவர்கள்வரை அது கேட்டது.

முதலில் சிரித்தது சம்பந்திதான். அது ஏளனச் சிரிப்பு இல்லை. ஜெயித்தவன் சிரிப்பும் இல்லை. நம்மாள்தானா நீ என்பது மாதிரி ஒரு சிரிப்பு. ஹால் சேர்ந்து சிரித்தது. ஷட்டகர் மைக்கைப் பிடித்தபடியே நின்றார். பாந்த்ராக்காரர் கட்டைமேல் கை வைத்தபடி அவரைப் பார்த்தார்.

"சார், ஆகே பஜாவூம்?" மேற்கொண்டு வாசிக்கட்டுமா என்று கேட்டார்.

ஷட்டகர் மைக்கைக் கீழே வைத்தார். கூட்டம் சாப்பிடப் போய்விட்டது. யாரும் இல்லாத நாற்காலிகளுக்கு அந்த மெதுவான இரண்டாம் பகுதியை அவர்கள் வாசித்தார்கள். ரொம்ப நன்றாக இருந்தது என்று வீடியோக்காரர் சொன்னார்.

சம்பந்தி அன்றோடு மறந்துவிட்டார். அவர் மனைவி மறக்கவில்லை. 'பெரிய மனுசன்' என்றே ஷட்டகருக்கு அந்த வீட்டில் பெயரானது. மாலினி போனில் அம்மாவிடம் பேசுவாள். அப்பா எப்படி இருக்கிறார் என்று கேட்பாள். போனைக் கொடு என்று சொல்லமாட்டாள். ஒரே ஒருமுறை அவரிடம் நேராகச் சொன்னாளாம்: "எங்காத்துக்கு வரச்சே ம்யூசிக் பத்திப் பேசாம இருக்க முடியும்னா வா, அப்பா." அவர் போகாமலேயே இருந்து அந்த நிபந்தனையைக் காப்பாற்றினார்.

எங்கள் ஞாயிற்றுக்கிழமைகளும் மாறின. ஸ்பீக்கர்கள் இருந்தன, ஓசை இல்லை. ஷட்டகர் பெரிய ஹெட்போன் மாட்டிக்கொண்டு பால்கனியில் உட்கார்ந்திருப்பார். குக்கர் இஷ்டத்துக்கு விசில் அடித்தது. ஒருநாள் அருகில் போய் நின்று என்ன கேட்கிறீர்கள் என்று சைகையில் கேட்டேன். ஹெட்போனைக் கழற்றிக் கொடுத்தார். அதில் எதுவும் ஓடவில்லை.

"எதைப் போட்டாலும் தப்பு தெரியறது," என்றார். "அதான் ஒண்ணும் போடல்லை."

இத்தனை வருஷம் உழைத்து மனுஷர் எங்கே வந்து சேர்ந்திருக்கிறார் பார் என்று லலிதாவிடம் சொல்லிச் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை.

மாலினிக்குப் பெண் குழந்தை பிறந்தது. பெயர் வைக்கிற நாளுக்கு சம்பந்தியே செம்பூர் வந்து, வெற்றிலை பாக்கு வைத்து அழைத்துவிட்டுப் போனார். தட்ட முடியாது. நாங்கள் நாலு பேரும் டாக்ஸி வைத்துக்கொண்டு சான்பாடா போனோம். வழி முழுக்க ஜெயா அக்கா ஒரே விஷயத்தைத்தான் சொன்னாள்: "வாயைத் திறக்கப்படாது, கேட்டேளா?"

தொட்டில், பெயர், பஞ்சாமிர்தம் எல்லாம் ஆயிற்று. ஷட்டகர் பேத்தியை வாங்கி மடியில் வைத்துக்கொண்டு சமர்த்தாக உட்கார்ந்திருந்தார். அப்போது சம்பந்தி எழுந்துபோய்க் கூடத்து மூலையிலிருந்த ஒரு துணியை விலக்கினார். உள்ளே ஆளுயர ஸ்பீக்கர் இரண்டு.

"சம்மந்தி, உங்ககிட்ட ஒண்ணு காட்டணும்னு ரொம்ப நாளாச்சு. அன்னைக்கு நீங்க சொன்னது எனக்கு உறைச்சிட்டு. அப்படி என்னதான் இருக்கு இதுலன்னு போன்ல பியானோ கான்செர்ட்டோன்னு சொன்னேன். அதுவா ஒண்ணைப் போட்டுச்சு. மொதல்ல ஒண்ணும் வெளங்கல. பட்டறைல மிஷின் ஓடும்போது கேட்டேன். அப்புறம் விடமுடியல, பாத்துக்கிடுங்க."

போட்டார். ரஷ்யர். அந்தப் பெரிய கதவு திறந்தது.

சம்பந்தி உட்காரவில்லை. ஸ்பீக்கருக்கும் எங்களுக்கும் நடுவில் நின்றுகொண்டு, இந்தா வருது, இந்தா வருது பாருங்க என்று கையை ஓங்கினார். பியானோ இறங்குகிற இடத்தில் காற்றில் தானும் அடித்தார். நடுவில் சட்னி வேண்டுமா என்று கேட்டார். மெதுவான இடத்தில் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அதே கையால் எனக்கு ஒரு போண்டா எடுத்து வைத்தார். ஷட்டகரின் அகராதியில் என்னென்ன குற்றங்கள் உண்டோ அத்தனையும் கால் மணி நேரத்தில் நடந்து முடிந்தது.

நிறுத்திவிட்டு அவர் திரும்பினார்.

"சொல்லுங்க சம்மந்தி. இது நல்ல சரக்குதானா? நான் பாட்டுக்குக் கேட்டுக்கிட்டுக் கெடக்கேன். நீங்க சொன்னாத்தான் எனக்கு நம்பிக்கை."

அடுக்களை வாசலில் அவர் மனைவி வந்து நின்றாள். மாலினி தொட்டில் கயிற்றைப் பிடித்தபடி அப்பாவையே பார்த்தாள். எனக்குத் தெரியும், அந்தக் கேள்விக்கான பதில் ஷட்டகரிடம் பல வருஷங்களாகத் தயாராக இருந்தது. ஒரே வார்த்தை. எங்களுக்கெல்லாம் வாரி வழங்கிய பாயசம். அது அவர் தொண்டைவரை வந்ததைப் பார்த்தேன்.

"நல்ல சரக்குதான்," என்றார் ஷட்டகர்.

"அப்படியா! நிசமாவா?"

"ஏக்தம் நல்ல சரக்கு. இதையே கேளுங்கோ. வேற யாராவது ஏதாவது சொன்னா மாத்தாதேங்கோ."

சம்பந்தி தொடையில் தட்டிக்கொண்டு மனைவியைப் பார்த்தார். அவள் உள்ளே போய் ஷட்டகருக்கு இரண்டாவது காப்பி கொண்டுவந்து வைத்தாள். மாலினி கிளம்பும்போது வாசல்வரை வந்தாள். "அடுத்த வாரம் வரியா அப்பா?" என்றாள்.

திரும்பும்போது வாஷி பாலத்தில் டாக்ஸி நின்றுவிட்டது. முன்னால் ஏதோ லாரி. ஷட்டகர் டிரைவர் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். கடலைப் பார்த்தபடி, யாரிடம் என்றில்லாமல் பேச ஆரம்பித்தார்.

"அவர் மூஞ்சியப் பாத்தியா, வாசு?"

நல்ல வாய்ப்பு, விடுவேனா? "ஸ்பீக்கர் எப்படி அண்ணா? டெம்போ?" என்றேன்.

அவர் அதைக் காதில் வாங்கவில்லை. "எனக்குப் பொறாமையா இருந்தது," என்றார். "அத்தனை பேருக்கு நடுவுல நின்னுண்டு கண்ணைத் துடைச்சுக்கறார். ஒரு கூச்சம் இல்லை. நானும் அதை அப்படித்தான் கேட்டேன். ஒரே ஒரு தடவை."

லாரி நகர்ந்தது. பின்சீட்டிலிருந்து ஜெயா அக்கா, நாளைக்குப் பால்காரனுக்கு என்ன சொல்லவேண்டும் என்கிற குரலில் சொன்னாள்:

"நாளைக்கு ஆத்துல போட்டுண்டு கேளுங்கோ. யாரும் பாக்கமாட்டா."

மறுநாள் ஷட்டகர் அதைப் போட்டுக் கேட்டாரா என்று எனக்குத் தெரியாது. அவர் போன பின்னும் ஜெயா அக்காவிடம் நான் கேட்கவில்லை. அவள் பொய் சொல்லத் தெரியாதவள். கேட்டால் உள்ளதைச் சொல்லிவிடுவாள்.